‘இல்லை’ என்று எழுதிய கட்டம்

ஒரு விண்ணப்பத்தில் குறை இருந்தால், அதை முதலிலிருந்து முடிவுவரை படித்த பிறகே குறையைச் சொல்ல வேண்டும். எல்லாக் குறைகளையும் ஒரே முறையில் சொல்ல வேண்டும். எதைத் திருத்தினால் போதும் என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுத வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் நடைமுறைக் கையேட்டில் இப்படி ஒரு விதி இருந்தது. கையேட்டில் இருந்த பலவற்றை நாங்கள் மதித்ததில்லை. இதை மட்டும் மதித்தோம். நல்லெண்ணத்தால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு குறையாகச் சொல்லி ஒரே ஆளை நாலு முறை வரவழைத்தால், அந்த நாலு முறையும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்களுக்குப் பிறகு, என் மனைவிக்காக ஒரு விண்ணப்பம் போட வேண்டி வந்தது. அதைப் பெற்றுக்கொள்ள எதிரில் ஆள் இல்லை, ஒரு திரைதான் இருந்தது. அந்தத் திரை மேற்படி விதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

என் மனைவி மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருந்தவள். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் ஒரு வால்வு இருக்கிறதாம்; அது அவளுக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு வருடமாக மாடிப்படியில் பாதியில் நின்று, துணி காய்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தாள். பிறகு மாடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“மழைக்காலம் முடியறதுக்குள்ள வால்வை மாத்திருங்க சார். மூச்சு வாங்குறது பரவாயில்ல. மயக்கம் போட்டு விழ ஆரம்பிச்சுட்டா அப்புறம் நாள் தள்ள முடியாது.”

இந்த அறுவையை நன்றாகச் செய்கிற அறக்கட்டளை மருத்துவமனை ஒன்று ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்டில் இருந்தது. அங்கே சேர, இணையத்தில் விண்ணப்பித்து, அவர்கள் தரும் தேதிக்குப் போக வேண்டும். நேரில் போய் நின்றாலோ கடிதம் எழுதினாலோ தெரிந்தவரைப் பிடித்தாலோ நடக்காது. தெரிந்தவரைப் பிடிக்க முடியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்வரை.

பழைய மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டம் கைபேசி எண். ஒன்பது என்ற முதல் இலக்கத்தைத் தட்டினேன். கட்டத்தின் ஓரமெல்லாம் சிவந்து, கீழே ஒரு வரி வந்தது: ‘செல்லாத எண். சரியான கைபேசி எண்ணை உள்ளிடவும்.’

கையை எடுத்துவிட்டேன். ஒரு இலக்கம்தான் தட்டியிருக்கிறேன் என்பது எனக்குத் தெரியும். அதற்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மறுபடி அடுத்ததைத் தட்டினேன், செல்லாத எண். மூன்றாவதைத் தட்டினேன், செல்லாத எண். கடைசி இலக்கம் விழுகிறவரை அது விடாமல் சிவந்தே இருந்தது. விழுந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளுத்துக்கொண்டது.

அடுத்தது பிறந்த ஆண்டு. ‘1’ என்று தட்டியதும் ‘நோயாளியின் வயது ஏற்கத்தக்கதல்ல’ என்று வந்தது.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். “என்னாங்க அது, நான் ஒண்ணாம் வருஷம் பிறந்தவள்னு நினைச்சிருச்சா? ஆண்டவர் பிறந்த கையோட நானும் பிறந்துட்டேன்போல.”

“முழுசா அடிக்கிறதுக்குள்ள தப்புங்குது.”

“பிள்ளைக பரீட்சைப் பேப்பர்ல பேரை எழுதயிலேயே பின்னாடி நின்னுக்கிட்டு சுழிக்கிற ஆளு எங்க ஸ்கூல்லயும் ஒருத்தர் இருந்தாரு. அவரு வகுப்புல நல்லா படிக்கிறவனுக்கும் கை நடுங்கும்.”

சிரித்தாள். சிரித்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. வாயை லேசாகத் திறந்து, பார்வையை மேசையில் ஓரிடத்தில் நிறுத்தி, அது அடங்குகிறவரை காத்திருந்தாள். அந்தச் சத்தத்தை நான் அந்த மாதங்களில் வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்டுவிடுவேன். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று காது கொடுப்பதுபோல அதற்குக் காது கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அவள் சொன்ன வகுப்பில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் பயத்திற்குக் காரணம் என் சர்வீஸ். நாங்கள் எதையும் பதிவு செய்யாமல் விட்டதில்லை. ஒருவர் தவறான படிவம் கொடுத்தால், திருப்பிக் கொடுத்த விவரம் பதிவேட்டில் ஏறும். அடுத்த முறை அவர் வரும்போது, முன்பு ஒருமுறை தவறு செய்தவர் என்று தெரிந்துதான் அவரைப் பார்ப்போம். அற்ப மனிதர்களாகிய நாங்களே அவ்வளவு செய்தோம் என்றால் இந்த இயந்திரம் விட்டுவைக்குமா? ஒவ்வொரு சிவப்பையும் எங்கோ எண்ணி வைக்கிறது என்று நம்பினேன். இத்தனை தவறு செய்தவரின் மனைவிக்கு எதற்கு முன்னுரிமை என்று அது முடிவெடுக்கும் என்றும் நம்பினேன். படித்தவன் நம்பக்கூடிய விஷயமா என்று கேட்கலாம். பயந்தவன் நம்பக்கூடிய விஷயம்.

ஆகவே எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதிக்கொண்டு, ஒரு கட்டத்தில் கை வைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகத் தட்டி முடித்தேன். தவறு செய்யும் நேரத்தைக் குறைப்பதாக எண்ணம். வேகமாகத் தட்டியதில் மேலும் தவறு வந்தது.

இரண்டாம் பக்கம் வேறு சுபாவம். எதை எழுதினாலும் சிவக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. நோயின் வரலாறு, சாப்பிடும் மாத்திரைகள், ஸ்கேன் அறிக்கை என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போனேன். கொஞ்சம் தைரியம்கூட வந்தது. கடைசியில் ‘சமர்ப்பி’யை அழுத்தினேன். பக்கம் ஒரு நொடி வெளுத்துத் திரும்பி வந்தது. உச்சியில் ‘சில விவரங்கள் தவறானவை’ என்று ஒரு வரி. எந்த விவரங்கள் என்று இல்லை. கீழே வந்து பார்த்தால் நான் எழுதியிருந்த எல்லாக் கட்டங்களும் காலி. சேர்த்திருந்த அறிக்கையையும் காணவில்லை.

கையேட்டு விதி எழுதி முடித்த விண்ணப்பத்துக்கு; அலுவலக ஜன்னலில் நின்று எழுதுபவரிடம் குறை சொல்ல வேறொரு நேரம் உண்டு. எங்கள் ஜன்னலில் இருந்த எழுத்தர்களுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பழக்கத்தில் வந்தது. வந்தவர் ஒரு கட்டத்தை எழுதிவிட்டுப் பேனாவை எடுத்து அடுத்ததற்கு நகர்த்துவார் பாருங்கள், அப்போது சொல்ல வேண்டும். “ஐயா, மேல உள்ளதுல ஊர் பேரு விட்டுப்போச்சு.” எழுதிக்கொண்டிருக்கும்போது சொன்னால் மனிதர் பதறுவார். தெருவுக்குப் போன பிறகு கூப்பிட்டுச் சொன்னால் திட்டுவார். இந்தப் படிவத்தின் முதல் பக்கத்தை எழுதியவர் பதற வைப்பவர், இரண்டாம் பக்கத்தை எழுதியவர் தெருவுக்குப் போன பிறகு கூப்பிடுபவர். இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவரோடொருவர் பேசாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் அப்படி இருவர் உண்டு.

மறுநாள் காலை தல்லாகுளத்தில் எங்கள் தெரு முனையில் இருந்த ஆன்லைன் சென்டருக்குப் போனேன். அதை நடத்துபவர் நாற்பது வயதுக்காரர். பேசிக்கொண்டே நாலு பேருக்கு வேலை செய்வார். நான் விசைகளைத் தொடுகிற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், நீங்க தொடுறதைப் பாத்தா கரண்டு கம்பியத் தொடுற மாதிரியில்ல இருக்கு.”

“சிவக்குது தம்பி.”

“அது அவசரக்குடுக்கை சார். நீங்க வாயத் தொறக்குறதுக்குள்ள பதில் சொல்லும். கண்டுக்காம அடிங்க, முடிச்சோன்ன தானா வாய மூடிக்கிரும்.”

“எத்தனை தடவை தப்புன்னு கணக்கு வச்சுக்குமா?”

“எதுக்கு? உங்க மார்க் ஷீட்ல போடவா?” பக்கத்தில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுக்கு அடித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரைப் பார்த்துக் கண்ணடித்தார். “அண்ணே, சாருக்கு இந்த வயசுலயும் ரிசல்ட் பயம்ணே.”

இரண்டாம் பக்கத்தின் கோபத்துக்குக் காரணம் ஸ்கேன் அறிக்கையின் கோப்பு மிகப் பெரிதாக இருந்ததுதானாம். அதைச் சுருக்கித் தந்தார். எத்தனை பெரிதாக இருக்கலாம் என்பதைப் படிவம் முதலிலேயே சொல்லியிருக்கலாம் அல்லவா என்று கேட்டேன். “சொல்லிருக்கலாம் சார்,” என்றார், மழை பெய்யாமல் இருந்திருக்கலாம் என்கிற தொனியில்.

ஒவ்வொன்றாக நிரப்பிவந்து ஒரு கட்டத்தில் நின்றேன். ‘முன்பதிவு உள்ள வேறு மருத்துவமனையின் பெயர்’ என்றிருந்தது. நாங்கள் வேறெங்கும் பதியவில்லை.

“ஸ்டார் போடாத கட்டம் சார். விட்டுட்டு வாங்க.”

நான் விடவில்லை. சர்வீஸ் முழுவதும் ஒரு கட்டத்தையும் நான் காலியாக விட்டதில்லை; விட்டவர்களை விட்டுவைத்ததும் இல்லை. காலிக் கட்டம் என்றால் எழுதியவர் அந்தக் கேள்வியைப் படிக்கவில்லை என்று ஆகும். இல்லாவிட்டால், பின்னால் யாராவது எதையாவது எழுதிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டதாக ஆகும். பொருந்தாத கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். அரசாங்கத்தில் இருந்த எவரைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட இதைச் சொல்வார்.

‘இல்லை’ என்று அடித்தேன். ஒரு எழுத்துக்குக்கூட அது சிவக்கவில்லை. மாறாகக் கட்டத்தின் ஓரத்தில் ஒரு பச்சைக் குறி வந்தது. அந்தப் படிவம் முழுக்க எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. சமர்ப்பித்தேன். பதிவு எண் வந்தது. பத்து நாட்களுக்குள் பதில் என்று போட்டிருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மனைவிக்குப் பிடித்த பருத்திப்பால் வாங்கிக்கொண்டேன்.

பத்து நாட்கள் கழித்துத் திறந்து பார்த்தேன். ‘பரிசீலனையில் உள்ளது.’ மேலும் ஒரு வாரம் கழித்தும் அதேதான். இந்தச் சொற்றொடரை நானே எத்தனையோ கடிதங்களில் எழுதியிருக்கிறேன். யாரும் இன்னும் தொடவில்லை என்பதற்கு அரசாங்கத் தமிழில் அப்படிச் சொல்வார்கள். அதனால் எனக்கு அது ஆறுதலாக இருக்க வழியில்லை.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நிலையை இணையத்தில் பார்க்கும்படி ஒரு பதிவு செய்த குரல் சொன்னது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினேன். விண்ணப்பங்கள் இணையவழி மட்டுமே ஏற்கப்படும் என்று ரப்பர் முத்திரையோடு திரும்பி வந்தது. முத்திரை நேராகக் குத்தப்பட்டிருந்தது. அந்த மருத்துவமனையில் ஒழுங்காக வேலை செய்கிற ஒருவராவது இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது அவளும் நின்றாள். இரண்டாம் சரணத்தில் அவள் குரல் நின்றுபோனது. திரும்பிப் பார்த்தேன். முன்வரிசைப் பலகையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்; உதடு வெளுத்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நான் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். பாட்டு முடிவதற்குள் சரியாகிவிட்டாள்.

“மயக்கமா?”

“மயக்கமில்ல. வெளிச்சம் கொஞ்சம் கம்மியாச்சு. அம்புட்டுத்தான்.”

வீட்டுக்கு வந்ததும் அவள் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் சேலைத் தலைப்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரியும் படிக்கவில்லை. ஒருமுறை ஏறியது இறங்க நேரமானதுபோல இருந்தது. எழுந்து அவள் மூக்கின் கீழே விரலை வைத்தேன். கண்ணைத் திறக்காமலே, “இருக்கேன், இருக்கேன். போய் உக்காருங்க,” என்றாள்.

திங்கள் காலை பக்கத்து வீட்டு அம்மாவை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு மேலூர் பஸ் ஏறினேன். நேரில் வருவோரைப் பார்ப்பதில்லை என்று வாசலில் காவலாளி சொன்னார். ‘விசாரணை’ என்று உள்ளே பலகை தெரிகிறதே, விசாரணை என்றால் நேரில் வந்து கேட்பதுதானே என்று கேட்டேன். என்னோடு பேசுவதைவிட உள்ளே விடுவது எளிது என்று நினைத்திருப்பார்போலிருக்கிறது.

விசாரணை மேசையில் இருந்த பெண் பதிவு எண்ணைத் தட்டினார்.

“இது வேற ஆஸ்பத்திரிச் சான்றுக்காக நிக்குதுய்யா. உங்க பேரு அங்கயும் இருக்கதால, அவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்தாத்தான் இங்கிட்டு நகரும்.”

“நாங்க எங்கயும் பதியலையேம்மா. எந்த ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு?”

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். தெளிவாக இருந்தது. முன்பதிவு உள்ள மருத்துவமனை: இல்லை. சான்று: கோரப்பட்டது. நினைவூட்டல்: அனுப்பப்பட்டது.

நான் அதை இரண்டு முறை படித்தேன். ‘இல்லை’ என்று ஒரு மருத்துவமனை இருப்பதாக அந்த இயந்திரம் எடுத்துக்கொண்டு, அதற்குக் கடிதம் எழுதி, பதில் வராததால் நினைவூட்டலும் அனுப்பி, பொறுமையாகக் காத்திருந்தது. அது காத்திருந்த நாட்களில்தான் என் மனைவி ஆலயத்தில் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இல்லாத ஓர் இடத்திலிருந்து ஒரு நாளும் பதில் வரப்போவதில்லை. மழைக்காலம் முடிந்த பிறகும் அது காத்திருக்கும். அவள் விழுந்த பிறகும் காத்திருக்கும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அந்தக் கட்டத்துல இல்லைன்னு நான்தான் எழுதினேன். கிடையாதுங்கிற அர்த்தத்துல.”

“ஏன்யா எழுதுனீங்க? சும்மா விட்டிருக்கலாம்ல.”

இந்தக் கேள்விக்கு என்னிடம் முப்பது வருடப் பதில் இருந்தது. “நினைவூட்டல் எந்த விலாசத்துக்குப் போச்சு?” என்று மட்டும் கேட்டேன்.

“எனக்குத் தெரியாதுய்யா. சிஸ்டம் தானா அனுப்பும்.”

“நீங்களே இப்ப அழிச்சுவிடக் கூடாதா?”

“நாங்க பாக்கத்தான் முடியும், கை வைக்க முடியாது. நீங்க உள்ள போனா ‘திருத்தம்’னு ஒரு பட்டன் இருக்கும். பாத்துப் பண்ணுங்க. ஒரு தடவதான் விடும். அதுவும் தப்பாப் போச்சுன்னா இந்தப் பதிவு ரத்தாகிரும், புதுசாப் போட்டு வரிசையில கடைசிலருந்து வரணும்.” என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். “தண்ணி குடிங்கய்யா.”

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. இத்தனை நாளும் சிவப்புக்குப் பயந்தேன். ஒன்பது என்று தட்டியபோது பாய்ந்து வந்து பிடுங்கிய படிவம், ‘இல்லை’ என்று தட்டியபோது தோளில் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறது. ஒரு வரியில் என்னை நிறுத்தியிருக்கலாம். ‘இப்படி ஒரு மருத்துவமனை பட்டியலில் இல்லை, சரிபார்க்கவும்’ என்று அந்தக் கட்டத்தின் கீழே எழுதியிருந்தால் போதும். எச்சரிக்கை தேவைப்பட்ட ஒரே இடத்தில் பச்சை. இனி அந்தப் படிவத்தில் எது சும்மா இருக்கிறதோ அதற்குத்தான் பயப்பட வேண்டும் என்று ஆகிவிட்டது.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் என் மனைவி முதலில் சிரித்தாள். “இல்லாத ஆஸ்பத்திரில எனக்கு ஒரு பெட்டு போட்டு வச்சிருக்கீங்க.” பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “சரி, வாங்க. ரெண்டு பேருமா உக்காந்து பாப்போம்.”

சென்டருக்குப் போகலாம் என்று நினைத்தேன். அங்கே நாலு பேர் பேச்சுக்கு நடுவில் இந்த ஒரே வாய்ப்பைச் செலவழிக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே திறந்தேன். ‘ஒருமுறை மட்டுமே திருத்த முடியும்’ என்று உச்சியில் போட்டிருந்தது. நல்ல வேளையாக இதை மட்டும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

அந்தக் கட்டத்துக்குப் போய் ‘இல்லை’யை எழுத்து எழுத்தாக அழித்தேன். கடைசி எழுத்து போனதும் கட்டம் சிவந்தது. ‘மருத்துவமனையின் பெயரைக் காலியாக விடக்கூடாது.’

நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்துவிட்டேன். எழுதினால் இல்லாத இடத்துக்குக் கடிதம் போகிறது. அழித்தால் அனுப்ப விடாது போலிருக்கிறது. இப்படியே அழுத்தினால் தப்பென்று சொல்லி ரத்து செய்துவிடும். எழுந்துபோனால் நேரம் முடிந்து அதுவே ஒரு முறையாகக் கணக்காகுமோ? மவுஸை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரத்தின் முன்னால் நான் கெஞ்சத் தயாராக இருந்தேன். யாரிடம் கெஞ்சுவது என்றுதான் தெரியவில்லை.

“கையை எடுங்க,” என்றாள் என் மனைவி. “கேள்வியைப் படிக்காம கணக்குப் போடக்கூடாது. பக்கத்தை முதல்லருந்து சத்தமா வாசிங்க.”

“எல்லாத்தையும்தான் வாசிச்சேனே.”

“விடையை வாசிச்சீங்க. கேள்வியை வாசிங்க.”

வாசித்தேன். அந்தக் கட்டத்துக்கு மேலே, சாம்பல் நிறத்தில், சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘வேறு மருத்துவமனையில் முன்பதிவு உள்ளதா?’ அதன் அருகே இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை. ஆம் என்ற வட்டம் நிரம்பியிருந்தது. நான் அதைத் தொட்டதே இல்லை. கீழே ஒரு பெயர் எழுதப்பட்டதால் மேலே ஆம் என்று அதுவே முடிவு செய்திருக்கிறது.

மற்ற வட்டத்தைத் தொட்டேன். கீழே இருந்த கட்டம், சிவப்போடு சேர்ந்து, பக்கத்திலிருந்தே மறைந்துவிட்டது.

“கட்டத்தையே காணோம்,” என்றேன்.

“கேக்கத் தேவையில்லைன்னு போயிருச்சு. நீங்க அதைத் தேடிப்போயி இல்லைன்னு எழுதாம இருந்தா சரி.” ஒரு கை நெஞ்சில் இருந்தது. “வெரசா அமுக்குங்க. நான் இம்புட்டு நேரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது.”

அழுத்தினேன். ஒரு வட்டம் சுழன்றது. பிறகு திரை முழுக்க வெள்ளையானது. பிறகு மருத்துவமனையின் முகப்புப் பக்கம் வந்தது, பூச்செண்டோடு யாரோ ஒரு நோயாளி சிரிக்கும் படத்தோடு. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வார்த்தை இல்லை. தவறு என்றும் இல்லை. நிலையைப் பார்த்தால் பழையபடி ‘பரிசீலனையில் உள்ளது’.

போனதா இல்லையா என்று தெரியவில்லை. மறுபடி அழுத்தப் பயம். விசாரணை மேசைக்குப் போன் செய்ய அந்தப் பெண்ணின் எண் என்னிடம் இல்லை; அவளை விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறவும் மனம் வரவில்லை. அடுத்த நாட்களில் நான் அந்தப் பக்கத்தைத் திறந்தும் மூடியும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. கைபேசி ஒலித்தாலே ஓடிப்போய் எடுத்தேன். கடன் வேண்டுமா என்று கேட்டவர்களிடமெல்லாம் பாதி நன்றியோடு பேசினேன். வெளியே மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மழை நின்று வெயில் அடித்த நாட்களில் எனக்குப் பயம் அதிகமானது. டாக்டர் வைத்த கெடு முடிகிறதே என்று.

அவளால் இப்போது மல்லாந்து படுக்க முடியவில்லை. நாற்காலியிலேயே தூங்கினாள். ஒரு மாலையில் அடுப்பில் பால் பொங்கி வழியும் வாடை வந்து போய்ப் பார்த்தேன். அடுக்களைத் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கரண்டியைக் கையில் பிடித்தபடி. கூப்பிட்டேன். பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். எங்கிருந்தோ திரும்பி வருகிறவள்போல என்னைப் பார்த்து, “பால்,” என்றாள்.

டாக்டருக்குப் போன் செய்தேன். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. பதில் வரலைன்னா காத்திருக்க வேணாம், கவர்மெண்டு பெரியாஸ்பத்திரியில அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோயிருங்க. அங்க பாத்துக்குவாங்க,” என்றார். பையில் துணி எடுத்து வைத்தேன், மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கினேன், பழைய அறிக்கைகளுக்கு நகல் எடுத்தேன். எனக்குத் தெரிந்த நடைமுறைகள் எல்லாம் கைவசம் இருந்தன. ஆனாலும் கட்டிய பையை அவிழ்த்து அவிழ்த்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தாள். சோப்பு டப்பா வைத்தீர்களா என்று மட்டும் கேட்டாள்.

பதில் ஒரு குறுஞ்செய்தியாக வந்தது. அப்போது நான் ஆட்டோ சொல்லலாமா என்று வாசலில் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு படித்தேன். திருத்தம் ஏற்கப்பட்டதாகவும், படுக்கை ஒதுக்கப்பட்டதாகவும், செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்றும் எழுதியிருந்தது. பெயரும் பதிவு எண்ணும் சரியாக இருந்தன. உள்ளே போய் அவள் நாற்காலியின் அருகில் மண்டியிட்டு வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறையும் வாசித்தேன்.

“செவ்வாயா?” என்றாள். “அன்னிக்குத்தான் கார்ப்பரேசன் தண்ணி வரும். யாரு பிடிச்சு வைப்பா?”

பதில் வந்த நாள்: நவம்பர் மாதம், கடைசி வெள்ளிக்கிழமை, முற்பகல்.